நான்காம் பதிப்பின் கடைசித் திருத்தம்

போன மாதம் ஓய்வு பெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் என்ன வேலை செய்தேன் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. ஒருவர் "கம்பியூட்டர் திருத்துவாங்க" என்றார். இன்னொருவர் "இன்டர்நெட் மிஸ்" என்றார். நானும் சிரித்துக்கொண்டே சால்வையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகச் சாவிகளை ஒப்படைக்கப் போனேன். என் இடத்துக்கு வந்திருக்கும் ஷர்மிளா திரையைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, இப்பல்லாம் ஓட்டையை அடைக்கிற பேட்ச் தானா வருது, சோதனையும் தானா ஓடுது. தேறிப் பச்சை விழுந்திருச்சுன்னா போட்டுட வேண்டியதுதானே? இதுல ஒக்காந்து பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பச்சையைப் பற்றி என்னிடம் யாரும் பெருமையாகப் பேசக் கூடாது. அது என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னாலே நான் என்ன வேலை செய்தேன் என்பதும் விளங்கிவிடும். நடுவில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருந்த காலத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். உயர்தரத்தில் கணிதம் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. பதுளையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் விபரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரிகளில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கும் கிளினிக் விபரங்களைக் கம்பியூட்டரில் ஏற்றி வைப்பது அந்த நிறுவனத்தின் பணி. அதற்கான மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இரண்டு வருடத்தில் வெளிநாடு போய்விட்டார். அவர் எழுதிய நிரல்மொழியை அதன் கையேட்டையும் ஒரு அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே படித்தேன். படிக்காவிட்டால் எல்லாம் நின்றுபோகும் என்பதால் படித்தேன், வேறு ஞானமெல்லாம் இல்லை.

அது திறந்த மூல மொழி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பல நாடுகளில் இருக்கும் ஒரு சிறிய கூட்டம் தங்கள் சொந்த நேரத்தில் அதைப் பராமரிக்கிறது. எங்களிடம் இருந்தவை கொழும்பில் யாரோ வேண்டாமென்று கொடுத்த கம்பியூட்டர்கள். ஆமை வேகம். அந்த வேகத்தாலேயே வேகமான மெஷின்களில் ஒளிந்துகொள்ளும் பிழைகள் எங்களிடம் வெளியே வந்தன. ஒன்றை எழுதி அனுப்பினேன், பிறகு இன்னொன்று. ஐந்தாவதை அனுப்பியபோது, "அந்தக் கம்பியூட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்" என்று பதில் வந்தது. சில வருடங்களில் அந்த மொழியின் நான்காம் பதிப்பைப் பராமரிக்கும் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு தொழிற்சாலை முதலாளி வந்து கூப்பிட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பராமரிப்பு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பதிப்பு வந்த பிறகு புது வசதிகளெல்லாம் அதற்குத்தான். நான்காம் பதிப்புக்குப் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது மட்டும். மேலே ஓடும் மென்பொருளை எவ்வளவு கவனமாக எழுதினாலும், அடியில் இருக்கும் மொழியில் ஓட்டை இருந்தால் எவனும் உள்ளே வந்துவிடலாம். அதனால் ஓட்டையைப் பற்றிக் குழு வெளியில் மூச்சு விடாது. திருத்தம் தயாரான பிறகு, எல்லா நாட்டிலும் ஒரே நாளில் வெளியிடுவோம். அதற்குள் ஒரு வார்த்தை கசிந்தாலும் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும்.

எங்கள் குழுவின் தலைவி இங்க்ரிட், நோர்வேக்காரி. ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். வணக்கம், நலம், வானிலை எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று படி கேட்பார். முதலில், திருத்தம் போடாத மொழியில், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன நிரலை, அதாவது சோதனையை ஓட்டி அது தோற்பதைக் காட்ட வேண்டும். இரண்டாவது, திருத்தத்தைப் போட்டு அது தேறுவதைக் காட்ட வேண்டும். மூன்றாவது, திருத்தத்தை மறுபடி பிடுங்கிவிட்டு அது திரும்பவும் தோற்பதைக் காட்ட வேண்டும். "தோற்கத் தெரியாத சோதனையை நான் நம்புவதில்லை" என்பது அவர் எனக்கு எழுதிய மிக நீளமான வாக்கியம்.

இங்கே பதுளையில் என் மேலதிகாரி சிவலிங்கம் சேர். பஜாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நிரல் எழுதத் தெரியாது, தெரிந்த மாதிரி நடிக்கவும் மாட்டார். டிஸ்பென்சரிகளில் எதை மாற்றுவதென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை இழுத்து விட்டுக்கொண்டு, பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு கேட்பார்: "என்ன மாத்துறீங்க? ஏன்? தப்பாப் போச்சுன்னா எப்புடித் திரும்பி வாறது?" மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் பேனாவின் மூடி திறக்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் பல தடவை திரும்பி வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் படியிறங்குவேன்.

இனி அந்த நெருக்கடிக்கு வருகிறேன்.

நான்காம் பதிப்பை மூடும் நாள் அறிவித்தாகிவிட்டது. இன்னும் ஐந்து மாதம். எங்கள் இருபத்தாறு டிஸ்பென்சரிகளும் நான்காம் பதிப்பில்தான் ஓடின, பழைய கம்பியூட்டர்கள் ஐந்தைத் தாங்கவில்லை. புதியவை வந்து சேரவும் ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பராமரிப்பு நின்ற பதிப்பில் ஓடும் கம்பியூட்டரை அன்றைக்கே இணைய வலையிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் நிர்வாகக் குழுவின் கண்டிப்பான விதி.

கழற்றினால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவார்கள். கட்டிக்கொடுத்தது ஒரு தோட்டம், பிறந்தது இன்னொரு தோட்டம். ஏழு மாதம் ஒரு டிஸ்பென்சரியில் எழுதிய விபரம், எட்டாம் மாதம் அவள் போகும் இடத்தில் இருக்காது. கிளினிக் அட்டையை மறந்துவிட்டுப் போவார்கள், மழையில் நனைத்துவிடுவார்கள். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரஞ்சனி என்று ஒரு மருத்துவிச்சி, எல்லாருக்கும் 'மிஸி'. அவள் வேலைக்கு வந்த புதிதில் லுணுகலைப் பக்கமிருந்து ஒரு பெண் தாய் வீட்டுக்கு வந்தாள். அங்கே பிரஷர் கூடுதல் என்று எழுதியிருந்தது இங்கே யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை தங்கவில்லை. எங்கள் மென்பொருள் வந்த பிறகு, தினமும் காலையில் ரஞ்சனியின் திரையில் ஒரு பட்டியல் வரும். யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யாரைக் கவனிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தப் பட்டியல் வலை வழியாகத்தான் வரும்.

மூட ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு பாதுகாப்பு ஓட்டை பற்றிக் குழுவுக்கு மட்டும் இரகசியமாகத் தகவல் வந்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் அது இருந்தது. ஒரு கோப்பு தன் நீளம் இவ்வளவு என்று முதலில் சொல்லும். மொழி அதை அப்படியே நம்பிவிடும். சொன்னதைவிட நீளமாக அனுப்பினால், மிஞ்சியது போகக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கம்பியூட்டரையே அனுப்பியவன் சொல்படி ஆட வைக்கும். எங்கள் டிஸ்பென்சரிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வதும் இதே மாதிரிக் கோப்புகள்தான்.

ஐந்தாம் பதிப்புக்கான திருத்தத்தை அதன் குழு எழுதிவிட்டது. நான்காம் பதிப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சாகப்போகிற பதிப்புக்கு எதற்கு உழைப்பு, இப்போதே மூடிவிடுவோம் என்று பலர் எழுதினார்கள். இங்க்ரிட் கேட்டார்: "செய்ய யாராவது இருக்கிறீர்களா?" நான் யோசிக்கவே இல்லை. "நான் செய்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். "ஒன்பது நாள்" என்று பதில் வந்தது.

சிவலிங்கம் சேரிடம் போனேன். "சேர், ஒம்பது நாளைக்கு எனக்கு வேற வேலை எதுவும் குடுக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க."

"என்னமோ ஓட்டை. பெருசா?"

"சொல்ல முடியாது சேர்."

"அப்பப் பெருசுதான். சின்னதா இருந்தா சொல்லியிருப்பீங்க." அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் என் மேசைக்கு வந்த வேலைகளையெல்லாம் அவரே இழுத்துப் போட்டுச் செய்தார்.

ஐந்தாம் பதிப்பின் திருத்தத்தை எடுத்து நான்கில் பொருத்தினேன். அதற்கென்று ஒரு கருவி உண்டு. சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து, திருத்தம் எங்கே போக வேண்டும் என்று அதுவே கண்டுபிடித்துச் சேர்க்கும். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. மொழி முழுவதையும் கட்டி எடுக்க எங்கள் கம்பியூட்டருக்கு நான்கு மணி நேரம். சோதனையை ஓட்டினேன், பச்சை. இன்னொரு நாட்டிலிருந்த சரிபார்ப்பவரும் ஓட்டினார், அவருக்கும் பச்சை. அவர் ஒப்பமிட்டார்.

மூன்று படிகளில் நான் செய்தது நடுப்படி மட்டும். இந்தச் சோதனை ஐந்தாம் பதிப்பில் ஏற்கெனவே தோற்றுக் காட்டியதுதானே, இங்கே எதற்கு மறுபடி என்று முதல் படியை விட்டேன். பிடுங்கிப் பார்க்க இன்னும் நான்கு மணி நேரமா என்று மூன்றாவதையும் விட்டேன். முதல் படி இரண்டு நிமிட வேலை. இத்தனை வருடம் செய்ததை அன்றைக்கு விட்டதற்குக் காரணம் தலைக்கனம். எல்லாரும் செய்ய மறுத்ததை நான் செய்கிறேன் என்ற திமிர்.

ஆறாம் நாள் காலை பண்டாரவளை பஸ் ஏறி, தெமோதரையில் இறங்கி, ரஞ்சனியின் டிஸ்பென்சரிக்கு நடந்தேன். எதை வெளியிடுவதற்கு முன்பும் அங்கே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். எங்களிடம் இருந்ததிலேயே பழைய கம்பியூட்டர் அவளிடம்தான் இருந்தது. கிளினிக் இல்லாத நாள். வலைத் தொடர்பைக் கழற்றிவிட்டு, கொண்டுபோன பிரதியை ஒரு பக்கமாக ஏற்றிச் சோதனையை ஓட்டினேன். ரஞ்சனி எனக்குத் தேத்தண்ணி ஊற்றக் கேத்தலைத் தூக்கினாள். அவள் ஊற்றி முடிப்பதற்குள் திரையில் பச்சை விழுந்துவிட்டது.

"என்ன மிஸ், அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாள். "இந்த மிஷினு ஒரு ஆள்ட பேரைத் தேடவே நான் ரெண்டு புள்ளைக்கு நிறை பாத்து முடிச்சிருவேன். இன்னைக்கு என்ன இப்புடிப் பாயுது?"

திரையை மறுபடி பார்த்தேன். அந்தச் சோதனை ஒரு பெரிய கோப்பை முழுவதும் வாசிக்க வேண்டும். அந்தக் கம்பியூட்டரில் அதற்குக் குறைந்தது அரை நிமிடமாவது பிடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தால் அது கோப்பை வாசிக்கவே இல்லை என்று அர்த்தம். பக்கத்திலேயே திருத்தம் இல்லாத பழைய மொழி இருந்தது. அதில் அதே சோதனையை ஓட்டினேன். தோற்றிருக்க வேண்டும். பச்சை விழுந்தது.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நான்காம் பதிப்பில் மிகப் பெரிய கோப்புகளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஒரு பழைய கட்டுப்பாடு இருந்தது. சோதனையின் கோப்பு அங்கேயே நின்றுவிட்டது, ஓட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிட மோசம், திருத்தமே இடம் மாறி உட்கார்ந்திருந்தது. கோப்பு திறக்கும் பகுதிகள் இந்த மொழியில் இரண்டு, பார்க்க ஒரே மாதிரி. லயத்தில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே மாதிரி இருப்பது போல. பூட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"மிஸ், மொகமெல்லாம் வேர்த்திருக்கு. என்னாச்சு?" என்று ரஞ்சனி கேட்டாள்.

"ஒரு பிழை விட்டுட்டேன் மிஸி."

"எங்க லிஸ்டை நிப்பாட்டிருவாங்களா?"

அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் நேராக அதைத்தான் கேட்டாள். "விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமலே இறங்கி வந்தேன். பஸ்ஸில் வரும் வழி முழுக்கப் பயந்துகொண்டே வந்தேன். ஒப்பமிட்டாகிவிட்டது. நான் வாயைத் திறக்காவிட்டால் பூட்டாத வீட்டைப் பூட்டியது என்று உலகத்துக்கே அறிவித்துவிடுவோம். திறந்தால், இதற்குத்தான் சொன்னோம் என்று நான்காம் பதிப்பை அன்றைக்கே மூடிவிடலாம்.

நேராகச் சிவலிங்கம் சேரின் அறைக்குப் போனேன். இரகசியத்தைச் சொல்லாமல், என் பிழையை மட்டும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கண்டுபிடிச்சது யாரு?"

"நாந்தான் சேர். மிஸி ஒரு வார்த்தை சொன்னாங்க, அதுல பிடிச்சேன்."

"அப்ப என்ன யோசனை? இங்கயே ஒக்காந்து எழுதுங்க. சமாதானம் ஒண்ணும் சேக்காதீங்க. எது தப்பு, எப்புடித் தப்பு, அவ்வளவுதான்."

அவர் முன்னாலேயே எழுதினேன். நிறுத்துங்கள். என் திருத்தம் தவறான இடத்தில் இருக்கிறது. சோதனை எதையும் சோதிக்கவில்லை. முதல் படியையும் மூன்றாம் படியையும் நான் செய்யவில்லை. அனுப்பிவிட்டு, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் இங்க்ரிட்டின் பதில் வந்தது: "நல்லது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது."

அந்த மூன்று நாளைப் போல நான் என் ஆயுளில் வேலை செய்ததில்லை. முதலில் சோதனையைப் புதிதாக எழுதினேன். இந்த முறை சின்னக் கோப்பு. வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள், உள்ளே போய்த்தான் தன் நீளத்தைப் பற்றிப் பொய் சொல்லும். கோப்பு திறக்கும் இரண்டு கதவுக்கும் தனித்தனியாக ஒன்று. திருத்தம் இல்லாத மொழியில் ஓட்டினேன். இரண்டு கதவிலும் மொழி அப்படியே விழுந்து செத்தது. நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். பிறகு திருத்தத்தை என் கையாலேயே, கருவியை நம்பாமல், இரண்டு கதவிலும் சரியான இடத்தில் எழுதினேன். நான்கு மணி நேரம் கட்டி ஓட்டினேன், பச்சை. மறுநாள் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொரு நான்கு மணி நேரம் கட்டி ஓட்டினேன், மறுபடி செத்தது. மூன்று படியும் முடிந்தது.

அனுப்புவதற்கு முன்பு ஒரு குறுகுறுப்பு. இந்தப் புதுச் சோதனையை ஐந்தாம் பதிப்பில் ஓட்டினால் என்ன? அந்தப் பெரிய குழு எழுதி, பலர் பார்த்து, வெளியிடத் தயாராக வைத்திருந்த பதிப்பு அது. எங்களிடம் என் மேசைக் கம்பியூட்டர் மட்டும்தான் அதைத் தட்டுத்தடுமாறித் தாங்கும். ஓட்டினேன். முதல் கதவில் பச்சை. இரண்டாவது கதவில் விழுந்து செத்தது.

நான் நம்பவில்லை. மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் செத்தது. அவர்களும் ஒரு கதவைத்தான் பூட்டியிருக்கிறார்கள். இன்னொன்று உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது.

இங்க்ரிட்டுக்கு அனுப்பிய பத்தாவது நிமிடம் என் தொலைபேசி அடித்தது. அன்றைக்குத்தான் அவர் குரலை முதல்முதலாகக் கேட்டேன். "ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இப்படித்தான் நடக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லாப் பதிப்பையும் நிறுத்திவிட்டேன். உங்கள் சோதனை தேறும் வரைக்கும் எதுவும் வெளியே போகாது" என்றார்.

உலகம் முழுவதும் வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. ஐந்தாம் பதிப்பின் குழு இரண்டாவது கதவையும் பூட்டியது. நான்காம் பதிப்பை அப்போதே மூடுவது பற்றி அதன்பின் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அறிவித்த ஐந்து மாதமும் அதற்கு அப்படியே கிடைத்தது. வெளியீட்டு அறிவிப்பில் கண்டுபிடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் போடுவார்கள். "இலங்கை என்று போடட்டுமா?" என்று கேட்டார்கள். "பதுளை என்றும் போடுங்கள்" என்றேன். போட்டார்கள். அதைச் சிவலிங்கம் சேர் அச்செடுத்து, தன் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

வெளியான அன்றும் மறுநாளும் இருபத்தாறு டிஸ்பென்சரிகளுக்கும் திருத்தத்தை ஏற்றி முடித்தோம். மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு ரஞ்சனி கூப்பிட்டாள்.

"மிஸ், லிஸ்டு வந்திருக்கு. பசறையில இருந்து ஒரு புள்ளத்தாச்சி நேத்து பின்னேரம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கு. அங்க போன கெழமையே பிரஷர் கூடன்னு எழுதியிருக்காங்க, இங்க சிவப்புல காட்டுது. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியல, கால் வீக்கம்னு மட்டும் சொல்லுது. ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், பதுளை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். வைக்கிறேன் மிஸ், நிக்க நேரமில்ல."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாளும் ஒரு தகவலும் இல்லை. அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "பொம்பளப் புள்ள மிஸ். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தியேவிட்டேன். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சிவலிங்கம் சேர் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"என்ன மிஸ், என்ன ஆச்சு?"

"புள்ள பொறந்திருக்கு!"

"யாருக்கு?"

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. "நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பஜாருக்கு ஆளனுப்பி எல்லாருக்கும் லட்டு வாங்கி வரச் சொன்னேன்.